மந்தி வழி, கடுவன் வழி

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில், குடகனாற்றை ஒட்டி இருக்கிறது தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களைப் பார்க்க இந்த ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. குரங்குகளின் பூர்வீகத்தைத் தேடுகிறவருக்கும் இது பொருத்தமான இடம். ஊருக்குத் தெற்கே சிறுமலை, தென்மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே அய்யலூர்க் காடுகள். சிறுமலை ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் நாட்டுக் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். கொடைக்கானலைச் சுற்றியுள்ள சோலைகளில் கருமந்தி தாவும். அய்யலூர்ப் பக்கத்து முட்காட்டில் இருட்டிய பிறகு தேவாங்கின் கண்கள் மின்னும். தேவாங்குக்கென்றே நாட்டின் முதல் சரணாலயத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் இங்கேதான் அறிவித்தது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருக்கும் அதன் பெயர் கடவூர் தேவாங்கு சரணாலயம்.

இந்த மூன்றுக்கும், அவற்றைப் பார்த்து நிற்கும் மனிதருக்கும் உள்ள உறவை வரையச் சொன்னால் பள்ளி மாணவரே வரைந்துவிடுவார். அடிமரத்திலிருந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே தேவாங்கின் கிளை பிரிகிறது. பிறகு மனிதக் குரங்குகளின் கிளையும் வாலுள்ள குரங்குகளின் கிளையும் பிரிகின்றன. கடைசியாக நாட்டுக் குரங்கும் கருமந்தியும் தனித்தனியாகின்றன. இந்தப் பெரிய கவைகளின் வரிசையில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நுனிக் கிளைகளுக்கு வரும்போதுதான் படம் குழம்புகிறது. நாட்டுக் குரங்குக்கு மிக நெருங்கிய உறவு எது? வட இந்தியாவின் ரீசஸ் குரங்கு யாருடைய வாரிசு? கருமந்தியை எந்தப் பேரினத்தில் சேர்ப்பது? முதல் இரண்டு கேள்விகளுக்கும், டி.என்.ஏ.வின் எந்தப் பகுதியைப் படித்தார்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை வந்தது.

காரணம், பிரிந்த கிளைகள் மறுபடியும் சேர்ந்திருக்கின்றன.

மரமும் கொடியும்

1837-இல் டார்வின் தன் குறிப்பேட்டில் கிளைவிடும் ஒரு கோட்டுப் படத்தை வரைந்தார். 1859-இல் வெளியான அவருடைய நூலில் இருந்த ஒரே படமும் கிளைவிடும் வரைபடம்தான். அன்று தொடங்கி உயிர்களின் உறவைச் சொல்ல மரமே உருவகமாயிற்று. அந்த உருவகத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு முறை பிரிந்த கிளை இன்னொரு கிளையோடு ஒட்டாது என்பதே அது. குடும்பத்தின் தலைமுறை வரிசைக்குத் தமிழில் கொடிவழி என்று பெயர். கொடி பிரியும், பக்கத்துக் கொடியைப் பற்றும், அதனோடு பின்னிக்கொள்ளும். குரங்குகளின் வரலாற்றுக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

தமிழ் இன்னொரு வசதியையும் தருகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்று வகைகளைப் பிரித்துச் சொல்லி, மூன்றிலும் பெண்ணுக்கு மந்தி என்ற பெயரைத் தருகிறது. ஆண் குரங்கைக் கடுவன் என்பது சங்கப் பாடல்களின் வழக்கு. மரபணு ஆய்வாளர்கள் தேடும் இரண்டு தனி வழிகளுக்கும் இந்தப் பெயர்களையே வைக்கலாம். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வரும். அது மந்தி வழி. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். அது கடுவன் வழி. மற்ற குரோமோசோம்கள் இருவரிடமிருந்தும் வந்து, தலைமுறைக்குத் தலைமுறை கலைத்து அடுக்கப்படுகின்றன.

நாட்டுக் குரங்கும் ரீசஸும் அடங்கிய மக்காக் வகைக் குரங்குகளில் பெரும்பாலும் மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிக்கும். வயதுக்கு வந்த கடுவன்கள் வெளியேறி வேறு கூட்டம் தேடும். அதனால் மந்தி வழி ஒரு நிலப்பகுதியோடு ஒட்டிக்கிடக்கிறது, கடுவன் வழி மலை தாண்டிப் பயணப்படுகிறது. வேற்றினக் கடுவன்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு காட்டுக்குள் நுழைந்துகொண்டே இருந்தால், அந்தக் கூட்டத்தின் உருவமும் பெரும்பாலான மரபணுக்களும் வந்தவர்களுடையதாக மாறிவிடும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழைய பாட்டிமார்களுடையதாகவே தங்கும்.

தவாங்கில் ஓர் உறவுக்காரர்

நாட்டுக் குரங்கு தீபகற்ப இந்தியாவுக்கு மட்டுமே உரியது. அதன் உறவுக்காரர் ஒருவர் இமயமலைச் சரிவில் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிய வந்தது. அனிந்த்ய சின்ஹா, அபராஜிதா தத்தா, எம்.டி. மதுசூதன், சாருதத் மிஸ்ரா ஆகியோர் அருணாச்சலப் பிரதேசத்தின் தவாங், மேற்கு காமெங் பகுதிகளில் கண்ட குரங்கை 2005-இல் புதிய இனமாக விவரித்தார்கள். அங்குள்ள மோன்பா மக்கள் அதற்கு இட்டிருந்த பெயரையே ஒட்டி அதன் அறிவியல் பெயர் மகாகா முன்சாலா என்றாயிற்று. மக்காக் குரங்கில் புதிய இனம் ஒன்று அறியப்பட்டு நூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

உடலமைப்பில் முன்சாலா, பக்கத்தில் வாழும் அசாம் குரங்கையே ஒத்திருந்தது. 2007-இல் வந்த மரபணு ஆய்வு வியப்பைத் தந்தது. கடுவன் வழியில் அது அசாம், திபெத் குரங்குகளின் பக்கம் நின்றது. மந்தி வழியிலோ, ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் நமது நாட்டுக் குரங்குக்கு நெருக்கமாக இருந்தது. நாட்டுக் குரங்கின் முன்னோர் ஒரு காலத்தில் வடகிழக்கு வரை பரவியிருந்து, அங்கே வந்த கடுவன்களோடு கலந்திருந்தால் இந்த முரண் விளங்கிவிடும்.

வடகிழக்கு இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை வாழும் கட்டைவால் குரங்கின் கதையும் இப்படித்தான். அதன் கடுவன் வழி அசாம், திபெத் குரங்குகளின் குழுவைக் காட்டுகிறது. மந்தி வழி ரீசஸ், நண்டுதின்னிக் குரங்குகளின் குழுவைக் காட்டுகிறது. டோசி, மொராலஸ், மெல்னிக் ஆகியோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் சுட்டி, இந்த இனமே பழங்காலக் கலப்பில் தோன்றியிருக்கலாம் என்றார்கள். பின்னர் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தவர்களும் இரு குழுக்களுக்கிடையே மரபணுப் போக்குவரத்து நடந்ததற்கான தடயங்களைக் கண்டார்கள்.

ரீசஸ் குரங்கின் இரு பாட்டனார் வீடுகள்

இந்தத் துறையின் மிகப் பெரிய செய்தி தமிழ்நாட்டோடு தொடர்புடையது. ஆசிய மக்காக்குகளை ஆய்வாளர்கள் மூன்று பெரிய குழுக்களாகப் பார்க்கிறார்கள். முதலாவதில் நாட்டுக் குரங்கு, இலங்கையின் செங்குரங்கு, அசாம், திபெத் குரங்குகள், முன்சாலா ஆகியவை இருக்கின்றன. இரண்டாவதில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு, தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகள், சுலாவேசித் தீவின் குரங்குகள். மூன்றாவதில் வட இந்தியாவெங்கும் காணப்படும் ரீசஸ், நிக்கோபார் வரை பரவிய நண்டுதின்னிக் குரங்கு, ஜப்பான், தைவான் குரங்குகள்.

மூன்றாவது குழு மற்ற இரண்டில் எதற்கு நெருக்கம் என்பது நெடுநாள் வழக்கு. ஒரு தரவு ஒரு பக்கம் இழுத்தது, வேறொரு தரவு எதிர்ப்பக்கம் இழுத்தது. 2023-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு, வழக்கின் இரு தரப்பும் சரி என்று காட்டியது. ஏறத்தாழ 35 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முதல் குழுவின் முன்னோரும் இரண்டாம் குழுவின் முன்னோரும் கலந்ததில் பிறந்ததே மூன்றாவது குழு. எக்ஸ் குரோமோசோமிலும், மரபணுக்கள் அதிகம் கலையாத பகுதிகளிலும் இரு வீட்டாரின் பங்கும் ஏறக்குறையச் சமமாக இருந்தது. இனப்பெருக்கம் சார்ந்த மரபணுக்களில் சில ஒரு பக்கமிருந்தும் சில மறுபக்கமிருந்தும் வந்து சேர்ந்திருந்தன. புதிய குழு இரு தாய்க் குழுக்களிலிருந்தும் விலகி நிலைக்க அந்தச் சேர்மானம் உதவியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இதைத் தமிழ்நாட்டு நிலத்தில் வைத்துப் பார்க்கலாம். சிறுமலை வளைவில் இருப்பது ஒரு தாய்க் குழுவின் இன்றைய வாரிசு. வால்பாறையின் மழைக்காட்டில் பலா தின்னும் சோலைமந்தி மறு தாய்க் குழுவின் வாரிசு. உலகின் ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாகப் பயன்பட்ட குரங்கு, 1940-இல் ரத்தத்தின் ஆர்.எச். காரணிக்குப் பெயர் தந்த ரீசஸ், அந்த இரு வீடுகளின் பழைய சம்பந்தத்தில் வந்தது. ரீசஸின் பூர்வீகத்தை அறிய விரும்புகிறவர் திண்டுக்கல் மாவட்டத்தையும் ஆனைமலையையும் விட்டுவிட முடியாது.

இத்தகைய கலப்பு எளிதாவதற்கு உடற்காரணமும் உண்டு. மக்காக் இனங்கள் அனைத்துக்கும் 42 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க பபூன்களுக்கும் அதே எண்ணிக்கைதான். எண்ணிக்கை ஒத்திருப்பதால் கலப்புக் குட்டிகள் மலடாகாமல் மேலும் குட்டி ஈனுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கருமந்தியின் பெயர் மாறிய கதை

கொடைக்கானல் சோலையின் கருமந்தியை நிறத்தையும் தலைமுடியையும் பார்த்து, தென்கிழக்கு ஆசிய இலைதின்னிக் குரங்குகளின் பேரினமான டிராக்கிபிதெக்கஸில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரவீண் கரந்த்தும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் மரபணுக்களைப் படித்தார்கள். கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் அனுமன் மந்தியின் நெருங்கிய சொந்தங்கள் என்று தெரிந்தது. மூன்றும் செம்னோபிதெக்கஸ் பேரினத்தில் சேர்ந்தன. இங்கே மந்தி வழியும் மற்ற மரபணுக்களும் ஒரே சாட்சியைச் சொன்னதால் சிக்கல் தீர்ந்தது.

வடகிழக்கில் அது தீரவில்லை. அசாமின் தொப்பி மந்தியும், அசாம்–பூட்டான் எல்லையின் தங்கநிற மந்தியும் உட்கரு மரபணுக்களில் டிராக்கிபிதெக்கஸ் பக்கம் நிற்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் நம் ஊர்ச் செம்னோபிதெக்கஸ் பக்கம் வந்துவிடுகின்றன. இரு பேரினங்களும் முன்னொரு காலத்தில் சந்தித்த இடத்தில் நடந்த கலப்பே இதற்கு விளக்கம் என்று 2008 முதல் பல ஆய்வுகள் சொல்லிவருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படித்தவர் ஒரு மரம் வரைவார், உட்கருவை மட்டும் படித்தவர் மற்றொன்றை வரைவார். இரண்டுமே பிழையின்றி வரையப்பட்டவை.

கலப்பு இன்றும் நடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கருமந்திக்கும் அனுமன் மந்திக்கும் இடைப்பட்ட குரலில் கூவும் குரங்குகளைப் பதிவு செய்து, அவை கலப்பினம் என 1988-இல் ஹோமான் எழுதினார். மலேசியாவின் சபா மாநிலத்தில் கினாபத்தாங்கன் ஆற்றங்கரையில் 2017-இல் படம்பிடிக்கப்பட்ட ஒரு விசித்திரக் குரங்கு, நீள்மூக்குக் குரங்குக்கும் வெள்ளி மந்திக்கும் பிறந்ததாக இருக்கலாம் என 2022-இல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டும் வெவ்வேறு பேரினங்கள்.

விதைச் சோளமும் மல்லிகைச் சரமும்

மரபணுக்கள் முரண்படும் இடமெல்லாம் கலப்பு நடந்த இடம் என்று முடிவு கட்டிவிட முடியாது. முரணுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை முதலில் கழிக்க வேண்டும்.

ஒரு மானாவாரிக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். குதிரில் செஞ்சோளமும் வெள்ளைச் சோளமும் கலந்து கிடக்கின்றன. மூத்தவர் தன் பங்கு விதையோடு தனிக்குடித்தனம் போகிறார். சில காலம் கழித்து இளையவர்கள் இருவரும் பிரிகிறார்கள். ஆண்டுகள் போக ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு நிறம்தான் மிஞ்சுகிறது. மூத்தவர் வீட்டிலும் கடைசித் தம்பி வீட்டிலும் செஞ்சோளம், நடுத்தம்பி வீட்டில் மட்டும் வெள்ளை. இதை மட்டும் பார்த்து மூத்தவரும் கடைசியும்தான் கடைசியாகப் பிரிந்தவர்கள் என்று சொன்னால் தவறு. விதை மாற்றிக்கொண்டார்கள் என்று சொன்னாலும் தவறு. முதல் குதிரில் இருந்த கலவை தற்செயலாகப் பிரிந்தது, அவ்வளவுதான். உயிரியலில் இது பெரிய அளவில் நடக்கிறது. 2012-இல் கொரில்லாவின் மரபணுத் தொகுதி வெளியானபோது, அதில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பகுதிகளில், மனிதரும் சிம்பன்சியும் ஒருவருக்கொருவர் இருப்பதைவிடக் கொரில்லா அவர்களில் ஒருவருக்கு நெருக்கமாக இருந்தது தெரிந்தது. இதற்குக் கலப்பு தேவையில்லை.

தற்செயலையும் கொடுக்கல் வாங்கலையும் பிரித்தறிவது எப்படி? ஒரு பயிரை விட்டு ஆயிரம் பயிர்களைப் பார்க்க வேண்டும். தற்செயல் என்றால் மூத்தவர் வீட்டு விதை நடுத்தம்பியோடு ஒத்துப்போகும் தடவைகளும் கடைசித் தம்பியோடு ஒத்துப்போகும் தடவைகளும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகச் சாய்ந்தால், அந்த இரு வீடுகளுக்கிடையே பிரிந்த பிறகும் விதை போய்வந்திருக்கிறது. நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் மரபணுக்களைப் படித்தவர்கள் 2010-இல் கையாண்ட கணக்கின் சாரம் இதுதான். அதன் பிறகு குரங்கு ஆய்வுகளிலும் அது அன்றாடக் கருவியாகிவிட்டது.

கலப்பு எப்போது நடந்தது என்பதற்கு வேறோர் அளவை உதவுகிறது. வேற்றினத்திலிருந்து வந்த குரோமோசோம் முதலில் ஒரே நீண்ட சரமாக இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது அறுந்து வேறு சரத்தோடு கட்டப்படுகிறது, நிலக்கோட்டை மல்லிகைச் சரத்தை முழம் முழமாக அறுத்துக் கனகாம்பரத்தோடு இடையிட்டுத் தொடுப்பதைப் போல. நீளமான துண்டுகள் இருந்தால் கலப்பு சமீபத்தியது. மிகப் பழைய கலப்பில் ஓரிரு பூ நீளத்துக்குத்தான் துண்டுகள் மிஞ்சும், அவற்றை அடையாளம் காண்பதே கடினம்.

என்னவெல்லாம் குழம்புகிறது

முதலில் காலக்கணக்கு. இரு இனங்களின் டி.என்.ஏ. வேறுபாட்டைக் கொண்டு அவை பிரிந்த காலத்தைக் கணிக்கிறார்கள். பிரிந்த பிறகு கலந்திருந்தால் வேறுபாடு குறையும், பிரிவு உண்மையைவிட அண்மையில் நடந்ததாகத் தோன்றும்.

அடுத்து, அழிந்துபோன உறவுகள். போனோபோ குரங்கின் மரபணுக்களில் ஒரு பகுதி, இன்று உயிரோடு இல்லாத ஒரு மனிதக் குரங்கு வழியிலிருந்து வந்ததற்கான தடயங்களை 2019-இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. அந்த உறவுக்காரரின் ஓர் எலும்புகூடக் கைக்குக் கிடைத்ததில்லை. இப்படிப்பட்டவரிடமிருந்து வந்த மரபணு, இருக்கும் இனங்களில் யாரோ ஒருவரைத் தூரத்துச் சொந்தமாகக் காட்டி ஏமாற்றும்.

புதைபடிவங்களின் நிலையும் சிக்கலானது. ரெபெக்கா ஆக்கர்மனும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2006-இல் பபூன் கலப்பினங்களின் மண்டையோடுகளை ஆராய்ந்தார்கள். கூடுதல் பற்களும் வழக்கத்துக்கு மாறான எலும்புப் பொருத்துகளும் அவற்றில் அதிகம் இருந்தன. அத்தகைய ஒரு மண்டையோடு தனியாக மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால், கண்டெடுத்தவர் அதற்குப் புது இனப் பெயர் சூட்டிவிடக்கூடும்.

2023 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் குரங்கின மரபணுக்களுக்கென ஒரு தொகுப்பையே வெளியிட்டது. 233 இனங்களைச் சேர்ந்த 809 விலங்குகளின் மரபணுத் தொகுதிகளைத் திரட்டிய அந்தப் பெரும்பணியில் ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். அதே தொகுப்பில், சீனத்தின் சாம்பல் நிறச் சப்பைமூக்குக் குரங்கு முழுக்கக் கலப்பில் பிறந்த இனம் என்றும், ஆப்பிரிக்க பபூன்களின் கலப்பைப் பெரும்பாலும் கடுவன்களே கடத்தினார்கள் என்றும் கட்டுரைகள் வந்தன.

அப்படியானால் இனம் என்ற சொல்லே பொருளற்றதா? கென்யாவின் அம்போசெலி அதற்கு விடை தருகிறது. அங்கே 1971 முதல் மஞ்சள் பபூன்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். அனுபிஸ் பபூன்களோடு அவை தாராளமாகக் கலக்கின்றன, கலப்புக் குட்டிகளும் நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் மரபணுத் தொகுதியில், முக்கியமான மரபணுக்களின் அருகே வெளியிலிருந்து வந்த துண்டுகள் குறைவாக இருப்பதை 2022 ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாமல் இயற்கை அவற்றைக் களைகிறது. கலந்தும் தனித்தும் இருப்பது ஒரே சமயத்தில் முடிகிறது.

மனிதரும் இதற்கு விலக்கில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடமும் ஏறத்தாழ 2 விழுக்காடு நியாண்டர்தால் மரபணு இருக்கிறது. அதைக் கண்டறிந்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோவிட் நோயைத் தீவிரமாக்கிய ஒரு மரபணுத் துண்டு நியாண்டர்தால்களிடமிருந்து வந்ததென்றும், தெற்காசியரில் பாதிப் பேர் அதைச் சுமக்கிறார்கள் என்றும் அவரும் ஹூகோ சேபர்க்கும் 2020-இல் காட்டினார்கள். பழைய கலப்பு என்பது அருங்காட்சியகச் செய்தியாக இல்லாமல் மருத்துவமனைப் படுக்கை வரை வந்தது.

கூண்டில் ஏறும் வரலாறு

இவ்வளவு நுட்பமான கணக்குகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு குரங்கு எந்த மலையைச் சேர்ந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். மந்தி வழி நிலத்தோடு ஒட்டிக்கிடப்பதால்தான் முன்சாலாவின் கதையைப் படிக்க முடிந்தது. அந்த ஒட்டுதலை இப்போது மனிதர்கள் அறுக்கிறார்கள்.

முன்பெல்லாம் மேற்கே தபதி ஆறும் கிழக்கே கோதாவரியும் ரீசஸுக்கும் நாட்டுக் குரங்குக்கும் எல்லையாக இருந்தன. ரீசஸ் கோதாவரியைத் தாண்டித் தெற்கே பரவி, நாட்டுக் குரங்கின் இடத்தைப் பிடித்துவருவதை 2011-இல் குமார், ராதாகிருஷ்ணா, சின்ஹா ஆகியோர் எழுதினார்கள். தொல்லை என்று பிடித்த குரங்குகளை வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதும் இதற்கு ஒரு காரணம். ஊரெங்கும் காணக் கிடைப்பதால் யாரும் கவலைப்படாத நாட்டுக் குரங்கை இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இப்போது அழிவாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் கோயில் நகரங்களிலும் குடியிருப்புகளிலும் பிடிபடும் குரங்குகள் கூண்டில் ஏறி ஏதோ ஒரு மலையடிவாரத்தில் இறங்குகின்றன. பிடித்த ஊரில் நிம்மதி வருகிறது, விட்ட ஊரில் புதுத் தொல்லை தொடங்குகிறது. கடுவன்கள் மட்டும் நடந்து கடந்த தூரத்தை, மந்திகளும் குட்டிகளும் அடங்கிய முழுக் கூட்டங்கள் ஒரே இரவில் வண்டியில் கடக்கின்றன. பல லட்சம் ஆண்டுகளாக அந்தந்த மலையில் தங்கியிருந்த தாய்வழி அடையாளம் கலைந்துபோகிறது. நாளை ஒருவர் அந்த மலையில் மாதிரி எடுத்தால், கிடைக்கும் முரண் பழங்காலக் கலப்பால் வந்ததா, சென்ற ஆண்டுக் கூண்டால் வந்ததா என்று பிரிக்கத் திணறுவார்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டியதில்லை. குரங்கின் டி.என்.ஏ.வை எடுக்க அதைக் குத்தவோ மயக்கவோ தேவையில்லை, அதன் எச்சமே போதும். கூண்டைத் திறப்பதற்கு முன் அதன் தரையில் கிடப்பதில் சிறிது எடுத்துக் குப்பியில் அடைத்து, பிடித்த ஊர், விடும் மலை, தேதி ஆகிய மூன்றையும் ஒட்டுச் சீட்டில் எழுதி வைத்தால், அந்தக் கூட்டத்தின் மந்தி வழி எந்த மண்ணிலிருந்து புறப்பட்டது என்பதாவது பதிவாகியிருக்கும்.